கடைசி ஆள் வீடு சேரும் வரை

ஜெருசலேம்
ஹெஷ்வான் 1, புதன்

மெனாஷே,

எப்போதும் போல "என் தம்பிக்கு, அக்கா அஸ்மர் எழுதுவது" என்றுதான் ஆரம்பித்தேன். கை வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என் வாசலில் வந்து நின்று, "அக்கா, வெள்ளிக்கிழமை அத்தானை ஓடை கொண்டு போயிடுச்சு" என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் புருஷன் போன செய்தியைக் கேட்டுக்கொண்டே உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நீ குடித்தாய். என் மடியில் தலைவைத்து அழுதாய். நானும் உன் தலையைத் தடவினேன். அந்தக் கையை இன்று கழுவிக் கழுவித் தேய்க்கிறேன்.

மறுநாள் பால் லாரிக்கார ரஹமீம் விசாரிக்க வந்தான். அவனுக்கு வாய் நிற்காது என்று உனக்குத் தெரியாதா? "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பண்டிகை முடிஞ்ச மறுநாள் காலையிலயே மெனாஷே மழை கேட்டுட்டான்க்கா. நாங்கல்லாம் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்தோம். ஏழாம் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் கிடக்கே, இவன் என்ன இப்பவே ஆரம்பிச்சுட்டான்னு." அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜெபக்கூடத்தில் முன்னால் நின்று எல்லாருக்காகவும் கேட்கிறவன் நீ. உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கோயில் இருந்த காலத்தில் கூடாரப் பண்டிகைக்கு ஜெருசலேம் வந்தவர்களில் ரொம்பத் தொலைவிலிருந்து வந்தவன் யூப்ரடீஸ் கரைக்காரன். அவன் நனையாமல், சேற்றில் மாட்டாமல் வீடு போய்ச் சேரப் பதினைந்து நாள். அது வரைக்கும் இந்த நாடே தொண்டை வறண்டாலும் மழை கேட்காது. பண்டிகைக்கு அடுத்த மாதம், ஹெஷ்வான் ஏழாம் தேதிதான் வாய் திறக்கும். கோயில் இடிந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, அப்படி நடந்து போகிறவன் ஒருவனும் இன்று இல்லை, ஆனாலும் காத்திருக்கிறோம். அந்தக் கடைசி ஆள் நம் பக்கத்து ஆள்தான் என்று அப்பா நம் பழைய ஊர் ஸாக்கோவில் எத்தனை தடவை பெருமையடித்திருப்பார்!

இந்த வருஷம் நிஜமாகவே நடந்து போக வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார், மெனாஷே. உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் வயலை உழுது கொடுத்துக்கொண்டிருந்தார். உனக்கு அக்கா புருஷன்.

உடல் கிடைக்கும் வரை நான் தரையில் உட்காரக் கூடாதாம். மதகுரு ரபி சொல்லிவிட்டார். உடுப்பைக் கிழிக்கக் கூடாது, ஏழு நாள் துக்கம் கிடையாது. நான் இப்போது நஹூமுக்குப் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. அடுப்பு மூட்டுகிறேன், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன். மாதமும் வாய்த்திருக்கிறது பார்: பண்டிகை இல்லை, விரதம் இல்லை, விளக்கு இல்லை, ஒன்றுமே இல்லாத மாதம். தெருவில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அழுவதற்குக் கூட இதில் ஒரு நாள் குறித்து வைக்கவில்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஏழாம் தேதி நீ மழை கேட்கக் கூடாது. மறுபடி மழை வந்து ஓடை ஓடினால் அவரைக் கடல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் எனக்கு எலும்பு கூட மிஞ்சாது. அவர் கிடைக்கும் வரை உன் வாயை மூடு. உன் ஊர்த் தலைவர் ஹனானியாவுக்கும் எழுதியிருக்கிறேன், உன்னை அந்த இடத்திலிருந்து இறக்கச் சொல்லி.

அஸ்மர்


தெல் நஷ்ரா
ஹெஷ்வான் 3, வெள்ளி

அக்கா,

உன் கடிதத்தை ரஹமீம் கொடுத்தான். ஹனானியாவுக்கு நீ எழுதியதை அவர் ஜெபக்கூடத்து வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். அவருக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். ஊரே கேட்டது. உனக்குத் திருப்திதானே?

நான் அழுதது நடிப்பு இல்லை. ஆறு நாளாக அந்த ஓடையில்தான் கிடக்கிறேன். பட்டாளத்திலிருந்து நாலு பேர் வந்து இரண்டு நாள் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் கிளம்பவில்லை. என் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது. இதையெல்லாம் உனக்கு யார் வந்து சொல்வார்கள்? ரஹமீமுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

ஆமாம், முன்னாலேயே கேட்டேன். கேட்டேன்தான். நீ ஜெருசலேமில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இங்கே இரண்டு வருஷமாக வானம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் விதைத்ததை எறும்பு தின்றது. இந்த வருஷம் விதைத்ததும் பொடி மண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. நாற்பது வீடு, அக்கா. குழந்தைகளுக்குக் கோழித்தீனியிலிருந்து சோளம் பொறுக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மேடையில் நின்று, இன்னும் இரண்டு வாரம் பொறு, எப்போதோ செத்துப்போன ஒரு வழிப்போக்கனுக்குக் கால் நனைந்துவிடும் என்று எப்படிச் சொல்வது? வாய் தானாகக் கேட்டுவிட்டது. பிறகு நிறுத்தவும் இல்லை.

ஆனால் என் வாய்க்கு அவ்வளவு சக்தி என்று நீ நினைக்கிறாயா? போன வருஷம் ஏழாம் தேதியிலிருந்து பஸ்கா வரை ஒரு நாள் தவறாமல் கேட்டேன். என்ன வந்தது? தூசி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் விழுந்தது நாலு துளி, என் தொப்பி கூட நனையவில்லை. பெய்தது எல்லைக்கு அந்தப் பக்க மலையில். இங்கே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் மட்டும் ஓடையில் வந்தது. அந்த மலைக்காரர்களும் கேட்டிருப்பார்கள். போய் அவர்களோடு சண்டை போடு.

இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நீதான் சொல்ல வைக்கிறாய். அத்தான் ஏழாம் தேதி வரைக்கும் இங்கே இருப்பதாகத்தான் இருந்தார். விதைப்பு முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. வெள்ளி காலை மூட்டையைக் கட்டிவிட்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க அத்தான், ரஹமீம் லாரி வரும், மெயின் ரோட்ல கொண்டுபோய் விட்டுடுவான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உன் அக்காவை உனக்குத் தெரியாதுடா" என்று சிரித்தார். பிள்ளைகளுக்கு என்று ஆறு மாதுளையைத் துணியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, மெயின் ரோட்டுக்குக் குறுக்குவழி என்று வறண்டு கிடந்த ஓடைக்குள் இறங்கினார்.

அவர் கழற்றி வைத்த பழைய கோட்டில் உன் கடிதம் இருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது. "மச்சினன் வயல் உனக்கு இனிக்கிறது, சொந்தக் கூரை ஒழுகுவது தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வரவே வேண்டாம்." இது உன் கையெழுத்துத்தானே?

நான் மழையைக் கூப்பிட்டேன். நீ அவரைக் கூப்பிட்டாய். யார் கூப்பிட்டதற்கு அவர் ஓடையில் இறங்கினார்? நீயே சொல்.

ஏழாம் தேதி நான் கேட்கத்தான் போகிறேன். நாடு முழுக்கக் கேட்கும். என் ஒரு ஊர் வாயை மூடிக்கொண்டால் வானம் நின்றுவிடுமா?

மெனாஷே


ஜெருசலேம்
ஹெஷ்வான் 5, ஞாயிறு

மெனாஷே,

என் கடிதத்தைப் படித்தாயா? என் புருஷன் பையில் கைவிட்டு எடுத்துப் படித்து, அதை எனக்கே எழுதிக் காட்டுகிறாயா? உனக்கு வெட்கம் இல்லையா? பிணத்தின் பையைத் தேடுகிறவனைத் திருடன் என்பார்கள். உன்னை என்ன சொல்வது என்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆமாம், எழுதினேன். என் கையெழுத்துத்தான். கூரைக்குத் தார் பூசுகிறேன் பூசுகிறேன் என்று போன பஸ்காவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஜெருசலேமில் பாதி வீட்டுக்குக் கல் அடுக்கிய கொத்தனார், தன் வீட்டு விரிசலுக்கு மட்டும் நேரம் இல்லை. பண்டிகைக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மூன்று நாளில் வருகிறேன் என்றவர் பன்னிரண்டு நாள் ஆகியும் வரவில்லை. எழுதினேன். இருபது வருஷமாக அப்படித்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். "வராவிட்டால் வரவே வேண்டாம்" என்று நான் சொன்னால் "உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை" என்று அவருக்குத் தெரியும். வந்து வாசலில் நின்று "வேணாம்னு சொன்னே, வந்துட்டேன்" என்பார். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கறி அடைத்த குப்பே உருண்டையைப் புளிப்புச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைப்பேன். அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அது உனக்கு எழுதிய கடிதம் இல்லை.

நீ கேட்டாய் அல்லவா, யார் கூப்பிட்டதற்கு இறங்கினார் என்று. நான் கூப்பிட்டதற்குத்தான். போதுமா? அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்கவில்லை என்றா நினைத்தாய்? உன் கடிதம் வருமுன்பே மூன்று நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபம். என்மேல் இருப்பதையும் சேர்த்து உன் தலையில் இறக்கினேன். ஆனால் உன் பங்கு உன் பங்குதான், அது குறைந்துவிடாது.

நேற்று முன்தினம் ஓய்வுநாள் சாப்பாட்டுக்குத் தட்டுகள் வைக்கும்போது ஸிம்ஹா கேட்டாள். பதினாலு வயசு ஆகிறது, எல்லாம் புரிகிறது, ஆனாலும் கேட்டாள்: "அம்மா, அப்பா தட்டை வைக்கவா வேணாமா?" வை என்றால் பைத்தியம், வேண்டாம் என்றால் நானே அவரைக் கொன்ற மாதிரி. அவளே வைத்துவிட்டாள். அந்தத் தட்டைச் சுற்றி நாங்கள் சாப்பிட்டோம்.

நாடு முழுக்கக் கேட்கும் என்கிறாய். கேட்கட்டும். அவர்களுக்கு நஹூமைத் தெரியாது. உன் ஊருக்குத் தெரியும். உன் ஜெபக்கூடத்து முன் சுவர் அவர் கட்டியது. ஹனானியா வீட்டுக் கிணற்று வாய்க்கல் அவர் செதுக்கியது. அந்தச் சுவருக்குள் நின்றுகொண்டு, அவர் சேற்றுக்குள் கிடக்கும்போது, ஓடையை மறுபடி அனுப்பு என்று கேட்பாயா? கேள். உன் இஷ்டம். கேட்டுவிட்டு என் வாசலை மிதிக்காதே. என் கடிதத்தை ரஹமீமிடம் கொடுத்து அனுப்பு.

அஸ்மர்


தெல் நஷ்ரா
ஹெஷ்வான் 8, புதன்

அக்கா,

கேட்கவில்லை.

கேட்கத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்தில் இரண்டு தடவை கேட்கலாம் என்றுதான் போனேன். நேற்று காலை ஜெபக்கூடத்தில் நிற்க இடமில்லை. மற்ற நாளில் ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேரைச் சேர்க்கக் கோழிக்கூண்டு கோழிக்கூண்டாகப் போய் ஆளை இழுத்து வருவேன். நேற்று வராதவனெல்லாம் வந்திருந்தான். மழை என்றால் சும்மாவா.

வருஷங்களை ஆசீர்வதிக்கச் சொல்லும் இடம் வந்தது. மழை என்ற சொல் அங்கேதான் வரும். நிமிர்ந்து பார்த்தேன், எதிரே அத்தான் கட்டிய சுவர். மூன்றாவது வரிசையில் ஒரு கல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். "அது ஏன் அத்தான் அப்படி?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "உன் ஜெபம் நீளும்போது தொப்பி மாட்டிக்க" என்றார். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டேன். மழையை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். "டேய், மழையை முழுங்கிட்டே!" "திரும்பச் சொல்லு, முதல்லேர்ந்து சொல்லு!" "அன்னிக்குக் கேக்கக் கூடாதபோது கேட்டான், இன்னிக்குக் கேக்க வேண்டியபோது வாயில கொழுக்கட்டையா?" முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த இடம் வந்ததும் மறுபடி நின்றுவிட்டேன். ஹனானியா வந்து என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். "நகருடா. பொம்பளை எழுதின லெட்டருக்குப் பயந்து ஊரைப் பட்டினி போடறியா?" அவரே நின்று, அவரே முழங்கினார். மழை என்ற சொல்லை ஜன்னல் அதிரச் சொன்னார். முடித்துவிட்டு ஆமெனுக்கு நின்றார்.

ஒருத்தன்கூட ஆமென் சொல்லவில்லை, அக்கா.

அத்தனை பேரும் மழைக்காக வந்தவர்கள். அத்தனை பேருக்கும் விதை மண்ணில் கிடக்கிறது. ஒருவனுக்கும் வாய் வரவில்லை. ஹனானியா திரும்பிப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மேடையை ஓங்கி ஒரு அடி அடித்தார். "சரிடா! உங்களுக்கு மழை வேணுமா வேணாமா? வேணும்ல? அப்போ நஹூம் கிடைக்கணும். ஆளைத் தேடாம இங்க நின்னு என்ன புடுங்கறீங்க? மம்பட்டி எடுத்துக்கிட்டு எல்லாரும் ஓடைக்கு வாங்க!" ஜெபம் பாதியில் நின்றது. கடவுள் மன்னிக்கட்டும், நாற்பது வீட்டு ஆணும் பெண்ணும் ஓடைக்குள் இறங்கினார்கள். இன்றும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு பிரித்துக்கொண்டு வெட்டுகிறோம். இன்னும் ஒன்றும் இல்லை.

ரஹமீம் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறான். அவனும் அங்கே இருந்தான், அவனும் சிரித்தான், அதனால் விட்டிருப்பான். நானே சொல்கிறேன். இது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

அன்று நான் மழை கேட்டுவிட்டு இறங்கியதும் அத்தான் வந்து எல்லார் முன்னாலும் என் கழுத்தில் கை போட்டார். "என்ன மாப்ளே அவசரம்? நான் வீடு போய்ச் சேந்துக்கறேன், அப்புறம் கேளேன்" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். "உங்களுக்கு ஒரு குடை வாங்கித் தர்றேன் அத்தான்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அவர் கேட்டார், அக்கா. கிண்டலாகக் கேட்டாலும் வாய் விட்டுக் கேட்டார். நான் மறுநாளும் மழை கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன்.

உன் கடிதம் இத்துடன் இருக்கிறது. நான் இனிமேல் அதைப் படிக்க மாட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

மெனாஷே


ஜெருசலேம்
ஹெஷ்வான் 12, ஞாயிறு

மெனாஷே,

குடை வாங்கித் தருகிறேன் என்றாயா. நல்லது. நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நம் அப்பா அம்மா தலையில் அடித்துக்கொள்ளும்படி எழுதியிருப்பேன்.

அவர் சொன்னது எனக்குக் காதில் கேட்கிறது. அந்தக் குரல், கழுத்தில் கை போடுவது, பெரிய விஷயத்தை விளையாட்டாகச் சொல்வது, எல்லாம் அப்படியே அவர். என்னிடம் கூட ஒரு காரியம் வேண்டும் என்றால் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் பாதி நேரம் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். அதுதான் தாங்க முடியவில்லை. என் கையில் இப்போது நீ கிடைத்தால் அறைவேன். அறைந்துவிட்டு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

கடிதம் வந்தது. அவர் அதை நாலாக மடித்திருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் தார் வாங்க வேண்டிய அளவு எழுதியிருக்கிறார். நீ பார்த்தாயா இதை? பார்த்திருக்க மாட்டாய். உன் கண் வேறு வரிக்குப் போயிருக்கும்.

தேடுகிறவர்களுக்குச் சொல். இடது காலணியில் அடிப்பக்கம் நான் தைத்த தோல் ஒட்டு இருக்கும், மற்றதைவிடக் கறுப்பு. சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் நீல நூலில் தைத்தது, வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. ஓடைக்கரைப் புதர்களை மேலாக்கப் பார்த்துவிட்டு வராதீர்கள், தண்ணீர் வேகமாக வந்தால் அடியில்தான் செருகும். அவர்தான் ஒருமுறை சொன்னார், எந்தக் கட்டிட வேலைக்காகவோ.

பெண்களுக்கு வெயில் நேரத்தில் வேலை கொடுக்காதே. ஹனானியாவிடம் சொல், அவர் எழுத்துக் கூட்டிப் படித்ததற்கு நான் கோபப்படவில்லை என்று. உன்மேல் மட்டும்தான் கோபம்.

இரண்டு நாளாக மேற்கே மேகம். தெருவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஜன்னலைச் சாத்துகிறேன். சீக்கிரம்.

அஸ்மர்


தெல் நஷ்ரா
ஹெஷ்வான் 16, வியாழன், பிற்பகல்

அக்கா,

கிடைத்துவிட்டார்.

ரஹமீம் லாரியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்கிறான், அதனால் கொஞ்சம்தான் எழுதுகிறேன். ஏழாவது வளைவுக்குக் கீழே, புதருக்கு அடியில். நீ சொன்னது சரி, மேலாக்கப் பார்த்திருந்தால் தவற விட்டிருப்போம். ஹனானியாவின் மம்பட்டிதான் முதலில் தட்டியது. அவர் மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். நான்தான் பொத்தானைப் பார்த்தேன். நீல நூல்.

மாதுளை மூட்டை இன்னும் தோளில் இருந்தது. நீ போடுகிற மாதிரியே இரட்டை முடிச்சு. அவிழவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் குளிப்பாட்டித் துணி சுற்றுகிறார்கள். நாளை காலை உன்னிடம் கொண்டுவருகிறோம், ஓய்வுநாள் பிறப்பதற்குள் அடக்கம் ஆகிவிட வேண்டும். நீ முகத்தைப் பார்க்க வேண்டாம். இதை மட்டும் கேள்.

வானம் ஒரேயடியாக இருட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மெனாஷே


ஜெருசலேம்
ஹெஷ்வான் 23, வியாழன்

மெனாஷே,

இன்று காலை ஏழு நாள் முடிந்தது. தரையிலிருந்து எழுந்தேன். ஸிம்ஹா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள், கால் மரத்துப் போயிருந்தது.

நீ ஏழு நாளும் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். வந்துபோனவர்கள் எல்லாம் உன்னைத் தாண்டித்தான் வந்தார்கள், ஒவ்வொருவரும் உள்ளே வந்து உன்னைப் பற்றி என் காதில் ஓதினார்கள். நான் கூப்பிடவில்லை. மறந்துபோய்க் கூப்பிடாமல் இல்லை. கூப்பிடக் கூடாது என்றே கூப்பிடவில்லை. ஓய்வுநாள் மத்தியானம் உனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியது ஸிம்ஹா. நான் இல்லை. எவ்வளவு போட்டாள் என்று மட்டும் பார்த்தேன்.

நேற்று ஹனானியா வந்திருந்தார். துக்க வீட்டில் பேசக் கூடாததைப் பேச வந்தவர் மாதிரி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொல்லிவிட்டார்: "அம்மா, நாட்டுல எல்லா ஊரும் கேட்டாச்சு. எங்க ஊரு மட்டும் இன்னும் கேக்கல. இவன் நீ சொன்னாத்தான் கேப்பேங்கறான். வேற யாரு நின்னு கேட்டாலும் ஒரு பய ஆமென் சொல்ல மாட்டேங்கறான். அன்னிக்கு இருட்டின மேகமும் சும்மா கலைஞ்சு போச்சு. விதை இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது." அந்தப் பெரிய மனிதர் கண் கலங்கிவிட்டது. அவர் நகக்கண்ணில் இன்னும் ஓடைச் சேறு இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் பிறந்தபோது இதில் ஒன்றுமே இல்லை என்று உனக்கு எழுதினேன். தரையில் உட்கார்ந்திருந்தால் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. போன மாதம் முழுக்கக் கடவுள் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொம்பு ஊது, பட்டினி கிட, கூடாரம் கட்டு, ஆடு, பாடு, வா, வா என்று. இந்த மாதத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போங்கள், பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று விட்டுவிடுகிறார். நாமும் அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது, கடைசி ஆள் கதவைத் தட்டும் வரைக்கும். கடவுளும் ஜனங்களும் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு, நடந்து போகிற ஒரு ஆளுக்காகப் பொறுத்திருக்கிற நாட்கள். இதில் இருப்பது அவ்வளவுதான். பண்டிகை வைத்தால் கெட்டுப்போகும்.

அந்த அவ்வளவையும் நீ செய்யவில்லை. உன் வாய்க்கு மழை வந்தது என்று இப்போது நான் நம்பவில்லை, அந்த மலைக்கு உன் குரல் எட்டியிருக்காது. ஆனால் நீ பொறுக்கவில்லை. என் புருஷன் வாய் விட்டுக் கேட்டும் பொறுக்கவில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமை லாரி வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை, ஒரு கூரைக்காக. உன் ஊர் பொறுத்தது. விதையை மண்ணில் போட்டுவிட்டு, மேகத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, முன்பின் உறவில்லாத கொத்தனாருக்காக ஆமெனை விழுங்கிக்கொண்டு பொறுத்தது. அதற்கு என்னால் ஒன்றும் திருப்பிச் செய்ய முடியாது. இதைத்தான் செய்ய முடியும்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த பஸ்காவுக்கு வந்து பார், குறைந்திருந்தால் உனக்கே தெரியும். குறையாவிட்டாலும் வா.

மாதுளையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இன்று காலை உடைத்தேன். மூன்று கெட்டுப்போயிருந்தன. மற்ற மூன்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அவர்களுக்கென்று எடுத்து வந்ததுதானே.

இன்று நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் ரஹமீம் இதைக் கொடுப்பான். நாளை காலை நீ முன்னால் நில். ஹனானியா நிற்க வேண்டாம், நீ நில். அவர் கட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டே சொல். சத்தமாகச் சொல், ஊர் ஆமென் சொல்லட்டும்.

உன் அத்தான் வீடு வந்து சேர்ந்துவிட்டார். கூரைக்கு இன்னும் தார் பூசவில்லை. விரிசலுக்கு நேர் கீழே பாத்திரங்களை வைத்துவிட்டேன். கேள்.

அக்கா அஸ்மர்